பைக்குள் இருந்த டிஸ்க்

“…எழுதுற வேகத்தைப் பாத்து வாங்காதேங்கோ தம்பி, உங்கடை டிஸ்க்கை வாசிக்குதோ எண்டு பாத்து வாங்குங்கோ,” என்றார் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிக் கணினிக் கடைக்கார அக்கா. மேசையில் இரண்டு டிவிடி ரைட்டர்கள் இருந்தன. விலை கூடியது வேகமாக எழுதுமாம். மற்றது கொஞ்சம் மெதுவாம்.

அம்மாவின் செத்தவீட்டை, வரமுடியாமற்போன கனடா அண்ணைக்காக வீடியோ எடுத்திருந்தோம். பார்க்க மனமில்லை என்று அவர் அப்போது மறுத்துவிட்டார். இத்தனை வருடம் கழித்து இப்போதுதான் கேட்கிறார், அதுவும் டிவியில் போட்டுப் பார்க்க டிஸ்க்காகவே வேண்டுமாம். இருப்பது ஒரே பிரதி, அதிலிருந்து இன்னொன்று எழுதித்தான் அனுப்பவேண்டும். வீட்டுக் கணினி அதை வாசிக்கவில்லை.

“டிஸ்க்கைத் தாங்கோ, ரெண்டிலையும் போட்டுப் பாப்பம்.”

டிஸ்க் என் பைக்குள்தான் இருந்தது. ஆனால் காலையில் கடை திறந்து சாம்பிராணி காட்டிய இடத்தில் செத்தவீட்டைப் போடுவதா? வீட்டில் விட்டுவிட்டு வந்ததாகச் சொன்னேன்.

“பொம்பிளை பாக்காமல் தாலி செய்யிற கதையாக் கிடக்கு,” என்று அக்கா சிரித்தார்.

அதற்குமேல் மறைக்க முடியாமல் உள்ளதைச் சொன்னேன். அவருடைய சிரிப்பு நின்றது.

“செத்தவீட்டுக்கு ஆர் தம்பி நாள் பாத்துப் போறது? கொண்டாங்கோ.”

விலை கூடிய ரைட்டரில் டிஸ்க் சுற்றிச் சுற்றி நின்றுவிட்டது. மற்றதில் போட்டதும் எங்கள் வீட்டு வாசல் படலை தெரிந்தது, பறைச் சத்தம் கேட்டது, பிறகு அம்மாவின் முகம் வந்தது. சகுனம் பார்த்து நான் ஒளித்து வைத்திருந்தது அம்மாவைத்தான் என்று அப்போதுதான் உறைத்தது.

அக்கா கதிரையை விட்டு எழும்பி, செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, நின்றபடியே பார்த்தார்.