எருக்கம்பால்

நேற்று பாலாநகரில் தங்கை சுதாவின் வீட்டருகே, காலி மனையில் யாரோ ஒடித்த எருக்கஞ்செடியில் பால் கசிவதைப் பார்த்ததும், இடித்துத் தள்ளப்பட்ட எங்கள் லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸின் கொல்லை கண்முன் வந்தது. ரயில்வே பட்டறையின் சாயங்காலச் சங்கு ஊதும்வரை சுதாவும் நானும் அங்கே குத்தவைத்து உட்கார்ந்து, கறுப்பும் வெள்ளையும் மஞ்சளுமாக வரியோடிய புழுக்கள் எருக்கிலையை ஓரத்திலிருந்து அரித்துத் தின்பதை, எச்சம் கடுகுபோல் உதிர்வதை, ஒன்று தலைகீழாகத் தொங்கிப் பச்சைக் கூடாவதைப் பார்த்துக்கொண்டே இருப்போம். ஒருநாள் அந்தக் கூடு எனக்கே வேண்டுமென்று கிளையை வெடுக்கென்று ஒடித்தேன். பால் தெறித்து அவள் கண்ணில் விழுந்தது. அலறல் கேட்டு ஓடிவந்த அப்பாவிடம், "புழு துப்பிடுச்சுப்பா" என்றேன். அன்றே அவர் மண்ணெண்ணெய் ஊற்றிச் செடிகளைப் புழுக்களோடு கொளுத்தினார். சுதாவும் புழு துப்பியதென்றே நம்பி வளர்ந்தாள்.

நேற்று அவள் மகன், அந்த மனைச் செடியில் கண்ட அதே மாதிரி வரிப்புழுவைப் படம் பிடித்துப் பெயர் கண்டுபிடிக்கச் செல்போனை நீட்டியபடி குனிந்தான்.

"டேய், நக்கோ! தொடாதே, கண்ணுல துப்பும்!" என்று சுதா கத்தினாள். அவள் வலது கண்ணின் வெண்புள்ளி வெயிலில் தெரிந்தது.

பையன் என்னைப் பார்த்து, "நிஜமா, மாமா?" என்றான்.

நான் ஆமென்று தலையாட்டினேன். அவன் புழுவைத் தட்டிவிட்டுச் செருப்பால் நசுக்கினான்.