குஞ்சு பறந்த பிறகு

அம்மா இறந்த அந்த வருடம்தான் எங்கள் மொட்டைமாடிக்குக் குருவிப் பெட்டி வந்தது. அப்பா வேலை பார்த்த கம்பெனிக்கு உதிரி பாகங்கள் வந்திறங்கும் பெரிய மரப்பெட்டிகளின் பலகையில் செய்தது அது. குப்பையில் போடுகிற பலகைதான். ஆனாலும் கேட் பாஸ் இல்லாமல் ஒரு துண்டைக்கூட வெளியே கொண்டுவர முடியாது. அப்பா சூப்பர்வைசரிடம் நின்று கேட் பாஸ் வாங்கி, பலகையைக் கம்பெனி பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தார். எதற்கு என்று கேட்ட வாட்ச்மேனிடம் “குருவிக்கு” என்று சொல்லியிருக்கிறார். அன்றிலிருந்து அந்த பஸ்ஸில் அவருக்குக் குருவி என்றே பெயர்.

மண்ணூரில் மாடியில் ஒற்றை அறை எங்களுடையது. கீழே வீட்டுக்கார அம்மா. சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். அங்கே அத்தை இருந்தாள், இங்கே நானும் அப்பாவும் மட்டும். முதல் ஷிப்ட் வாரங்களில் நான் பள்ளிவிட்டு வரும்போது அப்பா இருப்பார். இரண்டாம் ஷிப்ட் வாரங்களில் பூட்டு இருக்கும். வீட்டுக்கார அம்மா சாவி கொடுப்பார், சோறு போடுவார், தூக்கம் வந்தால் தன் வீட்டிலேயே படுக்க வைத்துக்கொள்வார். ஆனால் சாயங்காலத்தில் அவருக்கு டிவி சீரியல்கள் என்று பெரும் பொறுப்பு இருந்தது. அந்த நேரத்துக்குத்தான் அப்பா பெட்டியைச் செய்தார்.

“நீ குருவியப் பாத்துக்க. என்னென்ன செஞ்சுச்சுன்னு எங்கிட்ட சொல்லணும், என்ன?” என்றார். பெரிய உத்தியோகம் கிடைத்த மிதப்பில் நான் மாடியை விட்டு இறங்கவே இல்லை. என்னை வீட்டோடு இருக்க வைக்கத்தான் அந்த உத்தியோகம் என்பதெல்லாம் அப்போது எனக்கு எங்கே தெரியும்?

சிட்டுக்குருவிக்கென்று செய்த பெட்டிக்கு வேறு யாரோ குடிவந்தார்கள். கறுப்பு உடம்பு, அரிவாள்போல் வளைந்த சிறகு, முதுகு முடிகிற இடத்தில் வெள்ளைத் திட்டு. உழவாரன் என்று பெயர் என்பதைப் பின்னால் தெரிந்துகொண்டேன். நான் வைத்த அரிசியை அவை ஏறிட்டும் பார்க்கவில்லை. தரையில் இறங்குவதே கிடையாது. பறந்துகொண்டே பூச்சி பிடித்தன, காற்றில் மிதந்து வரும் இறகைப் பறந்துகொண்டே கவ்வின, எச்சிலால் ஒட்டிக் கூடு கட்டின. துணி எடுக்க மாடிக்கு வந்த வீட்டுக்கார அம்மா, “இன்னா பாப்பா, அரிசி துன்னாத குருவிகூட கீதா?” என்று மோவாயில் கை வைத்தார்.

படிக்கட்டுக்கு மேலிருந்த கான்கிரீட் தளத்தின் அடியில், நாலு விரல் இடைவெளி விட்டு அப்பா பெட்டியை மாட்டியிருந்தார். பெரிய ஏணியை யாரிடமோ இரவல் வாங்கி மாட்டியது. வீட்டிலிருந்த ஏணியின் உச்சிப் படியில் ஏறி நின்றால் அப்பாவின் தலை பெட்டியின் அடிப்பலகையில்தான் முட்டும். அதனால் அம்மா பொட்டு வைத்துக்கொள்ளும் சின்னக் கண்ணாடியை ஒரு பிளாஸ்டிக் குழாயின் நுனியில் சாய்த்துக் கட்டிக் கொடுத்தார். அதை உயர்த்திப் பிடித்தால் கூடு தெரியும். முட்டை இருக்கும்போது மட்டும் பார்க்கக் கூடாது, தாய்ப்பறவை கூட்டை விட்டுப் போய்விடும் என்பது அப்பாவின் சட்டம். குஞ்சு கத்தின பிறகு எவ்வளவு வேண்டுமானாலும் பார்க்கலாம்.

குஞ்சுகள் வந்திருந்தபோதுதான் அத்தை ஊரிலிருந்து வந்தாள். பள்ளிவிட்டு வந்து நான் பூட்டைத் திறப்பதைப் பார்த்துவிட்டுக் கண்கலங்கினாள். “ஏலே, பொம்பளப் பிள்ளைய இப்படித் தனியா விட்டுட்டு ஷிப்டுக்குப் போறியே, எங்கூட அனுப்பு. நான் என்ன அந்நியமா?” என்று அப்பாவிடம் கேட்டாள். அவள் கேட்டதில் தப்பே இல்லை. அப்பா தலையைக் குனிந்துகொண்டு சரி என்றார். நான்தான் தரையில் புரண்டேன். குஞ்சு பறக்காமல் வரமாட்டேன் என்று அழுததில் அத்தைக்கே சிரிப்பு வந்துவிட்டது. குஞ்சு பறந்ததும் வந்து கூட்டிப்போவதாகச் சொல்லிவிட்டு ஊருக்குப் போனாள். அப்பா என் பள்ளியில் டி.சி.க்கு எழுதிக் கொடுத்தார்.

அதன்பிறகு அப்பா குருவி என்ன செய்தது என்று கேட்பதை விட்டுவிட்டார். “இன்னும் பறக்கலல்லா?” என்று மட்டும் கேட்பார். இல்லை என்றால்தான் அவருக்குச் சோறு இறங்கும். என்னைவிட அவருக்குத்தான் குஞ்சுகள்மேல் பாசம் அதிகம் என்று எனக்குக் கொஞ்சம் பொறாமைகூட இருந்தது.

ஒரு நாள் பெட்டி அமைதியாகிவிட்டது. குஞ்சு பறந்த சேதி தெரிந்து அந்த வார இறுதியில் அத்தை பையோடு வந்து இறங்கினாள். என் துணிமணிகளை மடித்து அடுக்கினாள். வெறும் கூட்டையாவது அவளுக்குக் காட்டுவோமே என்று மாடியில் கண்ணாடிக் குழாயை எடுத்துக்கொண்டு நின்றேன். முதல் ஷிப்ட் முடிந்து அப்பா படியேறி வந்தார். என்னைப் பார்த்தார், அத்தை கையிலிருந்த பையைப் பார்த்தார். கம்பெனி ஷூவைக்கூடக் கழற்றவில்லை. ஏணியை இழுத்துப்போட்டு விறுவிறுவென்று ஏறினார். தலை அடிப்பலகையில் இடித்தது. அப்படியே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு இறங்கினார்.

“மறுபடி முட்டை விட்டிருக்கு,” என்றார்.

நான் குதித்தேன். அத்தை குதிக்கவில்லை. ஏணியைப் பார்த்தாள், பிறகு என் கையிலிருந்த கண்ணாடியைப் பார்த்தாள். முட்டை இருக்கும்போது பார்க்கக் கூடாதுதான். ஆனால் அவ்வளவு தூரம் வந்தவளுக்கு ஒரு தடவை காட்டினால் குற்றமில்லை என்று குழாயை அவளிடம் நீட்டினேன்.

“வேண்டாம் தாயி,” என்றாள். “அதான் ஒங்கப்பன் பாத்துட்டானே.”

அடுத்த நாள் மீன் குழம்பு வைத்துக் கொடுத்துவிட்டுத் தனியாகப் புறப்பட்டாள். பஸ் ஏறும்போது, “வாய விட்டுக் கேட்டு ஷிப்ட மாத்துலே,” என்று அப்பாவிடம் சொன்னாள். அப்பா கேட்டார். ஓ.டி. பணம் போயிற்று, அவர் எதிர்பார்த்திருந்த ப்ரமோஷனும் போயிற்று. ஆனால் அதன்பிறகு எந்தச் சாயங்காலமும் எங்கள் கதவில் பூட்டு இல்லை.

சட்டத்துக்குக் கட்டுப்பட்டு நான் கண்ணாடியைத் தொடவே இல்லை. மழைக்காலம் தொடங்கும் முன்பு ஒரு நாள் பெட்டிக்குள்ளிருந்து கீச்சுக் குரல் கேட்டது. உள்ளே ஓடினேன். அப்பா தோசை ஊற்றிக்கொண்டிருந்தார்.

“எப்பா, குஞ்சு வந்துட்டு!”

“எந்தக் குஞ்சு?”

“அன்னைக்கு நீ பாத்தியே, அந்த முட்டைதான்.”

அப்பா தோசைக்கரண்டியோடு வெளியே ஓடிவந்தார். கண்ணாடிக் குழாயை எடுத்து உயர்த்தி வெகுநேரம் பார்த்தார். பிறகு படிக்கட்டில் உட்கார்ந்து, என்னை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு, அம்மா இறந்தபோதுகூட அழாத அழுகை அழுதார்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. முட்டையை முதலில் பார்த்தவரே அவர்தான். குஞ்சு வந்ததற்கு அவரே இப்படி ஆச்சரியப்பட்டால் எப்படி? “தோசை கருகுதுப்பா” என்றேன்.