மூன்றாம் மாடி ஆய்வகமும் என் வீட்டுக்காரரும்

என் வீட்டுக்காரரைப் போல ஒரு பயந்தாங்கொள்ளியை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். இடி இடித்தால் காதைப் பொத்திக்கொள்வார். சுவரில் பல்லி ஓடினால் என்னைத்தான் விரட்டச் சொல்வார். இந்த லட்சணத்தில் அவருக்கு வாய்த்த வேலை, கல்லூரி வேதியியல் ஆய்வகத்தில் உதவியாளர். அமிலக் குப்பியைத் தூக்கும்போது கை நடுங்காதா என்று கேட்டால், நடுங்குவதால்தான் இத்தனை வருஷமாக ஒன்றும் கொட்டவில்லை என்பார். பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் ஆசிட் அண்ணன்.

நான் அதே கல்லூரி அலுவலகத்தில் தட்டச்சர். கல்லூரி என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். மரச்சாமான் கிடங்காக இருந்த மூன்று மாடிக் கட்டடத்தை வாங்கி, வெள்ளையடித்து, பலகை மாட்டி ஆரம்பித்தது. நாற்றம் கீழே வரக்கூடாதென்று ஆய்வகத்தைக் கொண்டுபோய் உச்சியில் வைத்தார் நிறுவனர். ஏறி இறங்க ஒரே படிக்கட்டு. எதிரே ஆள் வந்தால் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டும். இன்னொன்று கட்டப்போகிறோம் என்று ஒவ்வொரு ஆண்டு விழாவிலும் சொல்வார், நாங்களும் கைதட்டுவோம்.

வருகை குறைந்தால் பரீட்சை எழுத விடமாட்டார்கள். அதனால் பிள்ளைகள் ஒருவருக்கொருவர் ப்ராக்ஸி கொடுப்பார்கள். தோழி வராவிட்டால் குரலை மாற்றி "எஸ் மிஸ்" என்று ஒருத்தி சொல்வாள், பேராசிரியையும் தலை நிமிராமல் அடுத்த பெயருக்குப் போவார். கல்லூரி பிறந்ததிலிருந்து நடக்கிற கூத்து இது. எல்லோருக்கும் தெரியும், யாரும் கேட்பதில்லை.

ஒரு முற்பகலில், ஆய்வகத்தை ஒட்டிய பொருள் அறையில் மின்கசிவு. புகை படியில் இறங்குவதற்குள் பிள்ளைகள் விழுந்தடித்துக்கொண்டு முற்றத்துக்கு ஓடி வந்துவிட்டார்கள். இவர்தான் கடைசி. புகை கீழே பரவாமலிருக்க ஆய்வகக் கதவை இழுத்துச் சாத்திவிட்டு வந்தார். அவர் தலையைக் கண்ட பிறகுதான் எனக்கு உயிர் வந்தது.

அப்போதுதான் பேராசிரியை, சுருட்டை எங்கே என்று கேட்டார். தலைமுடியால் அந்தப் பெயர் வாங்கிய பெண், கூட்டத்தில் தனியாகத் தெரிவாள். காணோம். காலையில் பெயர் கூப்பிட்டபோது பதில் சொன்னாளே என்று பதறி, அவள் பக்கத்தில் உட்காரும் தோழியைப் பிடித்துக் கேட்டார். முதல்வர் அருகிலேயே நின்றார். ப்ராக்ஸி என்று வாயைத் திறந்தால் இருவருடைய படிப்பும் போச்சு. அந்தப் பெண் முதல்வரை ஒருமுறை பார்த்தாள்.

"லேப்லதான் இருந்தா மிஸ்" என்றாள்.

என் வீட்டுக்காரர் முகம் வெளிறியது. "கதவச் சாத்தினது நான்தானே" என்றார் என்னிடம். சட்டையைப் பிடித்தேன், போகவேண்டாம் என்று கெஞ்சினேன். பொத்தான்தான் கையோடு வந்தது. பல்லிக்குப் பயந்த மனுஷன் புகைக்குள் ஏறிவிட்டார்.

மேலே கண்ணாடி வெடிக்கும் சத்தம். தீயணைப்பு வண்டி இன்னும் வந்தபாடில்லை. அவர் இருமுவதும், குரல் கொடும்மா என்று கூப்பிடுவதும் கேட்டது.

அந்த நேரம் பார்த்து, கையில் கடைப் பையோடு வாசலில் நுழைகிறாள் சுருட்டை. தோழி ஓவென்று அழுதுகொண்டே உண்மையைக் கொட்டினாள். சுருட்டை பையைப் போட்டுவிட்டுப் படியடிக்கு ஓடினாள்.

"அண்ணே! நான் இங்க இருக்கேன்ணே!"

"அங்கயே இரும்மா, இதோ வந்துட்டேன்" என்று மேலிருந்து பதில் வந்தது. காலடிச் சத்தம் இன்னும் உள்ளே போயிற்று.

பாவி மகளே! அவள் வாயைப் பொத்தினேன். அவள் கீழே வந்துவிட்டாள், நீங்கள் இறங்குங்கள் என்று தொண்டை கிழியக் கத்தினேன். கொஞ்ச நேரத்துக்கு முன் போகவேண்டாம் என்று சட்டைப் பொத்தானைப் பிய்த்தவள் நான். என்னை எப்படி நம்புவார்?

"பொய் சொல்லாத" என்றார், இருமலுக்கு நடுவில்.

எனக்கு ஒரே வழிதான் தெரிந்தது. "சரி, அப்ப நானும் மேல வரேன்" என்று கத்திவிட்டுப் படி ஏறினேன். இரண்டாவது திருப்பத்திலேயே கண் தெரியவில்லை, மூச்சு அடைத்தது. செத்தேன் என்றே நினைத்தேன்.

"வராத! வராத!" அந்தக் குரலில் இருந்த பயத்தை நான் அறிவேன். தடதடவென்று இறங்கி வந்து, என் மேல் மோதி, கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்து விழுந்தார்.

எதிரே நின்ற சுருட்டையைப் பார்த்தார். அவள் கையைத் தொட்டும் பார்த்தார். பிறகு பேராசிரியையிடம் திரும்பி, உள்ளே வேறு யாரும் இல்லையே என்று கேட்டார்.

பேராசிரியை பிள்ளைகளைப் பார்த்தார். "காலையில எல்லாரும் பதில் சொன்னாங்க" என்றார். குரல் எழும்பவில்லை.

பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். இன்னும் எத்தனை பேருக்கு ப்ராக்ஸி விழுந்தது, எத்தனை பேர் நிஜமாகவே மேலே இருக்கிறார்கள் என்று பிரித்துச் சொல்ல ஒருவரும் முன்வரவில்லை.

என் வீட்டுக்காரர் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். நான் அவர் காலைக் கட்டிக்கொண்டேன்.