டோபிக் கடைப் பலகையும் ஒரு ஸ்காட்ஸ் சொல்லும்

இன்று காலை ஸ்காட்லாந்துக்காரர் ஒருவருக்கு ஜார்ஜ் டவுனைச் சுற்றிக்காட்டுவதற்காக அவர் தங்கியிருந்த ஹோட்டலுக்குப் போனேன். பழைய கடைவீட்டைப் பளபளப்பாக்கிய ஹோட்டல்.

வரவேற்பில் தொங்குவது, முன்பு இங்கே துணி வெளுத்துத் தேய்த்துக் கொடுத்த என் அண்ணனுடைய டோபிக் கடைப் பலகை. வாடகையை ஏற்றி ஏற்றியே அண்ணனை இங்கிருந்து அக்கரையில் உள்ள சிம்பாங் அம்பாட்டுக்கு விரட்டினார்கள். பலகையையாவது கொடுங்கள் என்றதற்கு, அது கட்டடத்தைச் சேர்ந்தது என்றார்கள்.

"இன்னுமா இத மாட்டி வச்சிருக்கீங்க?" என்று கவுன்டர் பெண்ணிடம் கேட்டேன்.

"டெக்கரேஷன் லா அண்ணே. கெஸ்ட்டுங்க எல்லாம் இதுகிட்டதான் நின்னு படம் புடிக்கிறாங்க."

ஸ்காட்லாந்துக்காரர் என்ன விஷயம் என்றார். சொன்னேன்.

பலகையை நிமிர்ந்து பார்த்தார். தங்கள் ஸ்காட்ஸ் மொழியில் 'ஃபாங்' என்று ஒரு பழைய வினைச்சொல் உண்டு என்றார். பற்றுவது, பறிப்பது என்று பொருளாம். பறித்த பொருளுக்கும் அதே பெயராம். திருட்டுப் பொருளோடு சிக்கியவனை 'ஃபாங்கோடு பிடிபட்டவன்' என்பார்களாம். இன்றைய ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்கு மிஞ்சியிருப்பது கோரைப்பல் என்ற பொருள் மட்டும்தானாம்.

நாங்கள் அதைக் 'கையும் களவுமாக' என்போம் என்றேன்.

ரொம்பப் பொருத்தம் என்று தலையாட்டினார். பிறகு தன் கைப்பேசியை என்னிடம் நீட்டிவிட்டு, பலகைக்குக் கீழே போய்ச் சிரித்துக்கொண்டு நின்றார்.

எடுத்துக் கொடுத்தேன். அதுதானே என் வேலை.

உங்களில் யாராவது அங்கே நின்று படம் எடுத்திருந்தால் கீழே கமென்ட்டில் போடுங்கள். அண்ணனிடம் அந்தப் பலகையின் படம்கூட இல்லை.