பெரட்டுத் திடலின் தேயிலை வேலி

பெரட்டுத் திடல் இப்போது பூங்கா ஆகிவிட்டது. ஒரு காலத்தில் விடியுமுன் மணி அடித்ததும் எங்கள் தேயிலைத் தோட்டத்து ஆட்கள் அங்கே வந்து நிற்பார்கள். ஒவ்வொரு கங்காணியின் ஆட்களுக்கும் தனி இடம் உண்டு. பேர் கொடுத்து, அன்றைய வேலையைக் கேட்டுக்கொண்டு மலையேறுவார்கள். இன்று லயத்து வீடுகளில் பாதிக்குமேல் பூட்டிக் கிடக்கின்றன. மற்றவற்றில் பெரும்பாலும் வங்காளதேசத்து ஆட்கள். திடலில் மணிக்கம்பத்தை மட்டும் விட்டுவைத்து, நடைபாதை போட்டு, சிமெண்டு பெஞ்சுகள் வைத்து, வரலாற்றுப் பூங்கா என்று பலகை நட்டிருக்கிறார்கள். சாலை தெரியாமலிருக்க ஓரத்தில் தேயிலைச் செடியையே வேலியாக வைத்தார்கள். அது நெஞ்சளவு வளர வேண்டும் என்பது திட்டம்.

வீட்டில் நானும் என் மூத்த அக்காவும் மட்டும்தான். அக்கா இந்தத் தோட்டத்தில் கொழுந்து எடுத்து ஓய்வு பெற்றவர். முட்டிகள் இரண்டும் போய்விட்டன. சரிவில் தனியாக இறங்க முடியாது. தினமும் வெளிச்சம் வந்ததும் நான் கைத்தாங்கலாக அவரைப் பூங்காவுக்கு அழைத்துப் போவேன். அவருடைய பழைய கூட்டாளிகள் இருவர் அங்கே வருவார்கள். சற்று நேரம் கழித்துத் திரும்ப ஏற்றிவந்து, கஞ்சியை மேசையில் மூடிவைத்துவிட்டு, தானா ராத்தாவில் இருக்கும் அலுவலகத்துக்குப் பஸ் பிடிப்பேன். அதன்பின் நான் வீடு வரும்வரை அக்காவோடு பேச ஆளில்லை.

மூவரும் உட்காருவது வேலிக்கு எதிரே உள்ள பெஞ்சில். அதில் பனித்தண்ணீர் தேங்கும். நான் பழைய துணி கொண்டுபோய்த் துடைப்பேன். நல்ல பெஞ்சுகள் வேறு இருக்கின்றன. ஆனால் அவர்களுடைய கங்காணியின் ஆட்கள் நின்ற இடம் இதுதான்.

ஒரு நாள் மண்டோர் என்னைப் பூங்கா வாசலில் நிறுத்தினார். பூங்காவைப் பராமரிக்கும் குத்தகைக்காரரின் மேஸ்திரி அவர். மலையடிவாரத்துத் தாப்பாவிலிருந்து லோரியில் வருகிறவர்.

“அக்கா, அடுத்த மாசத்துலேர்ந்து பூங்கா கேட்டை ஒம்போது மணிக்குத்தான் தெறப்போம்.”

“ஏன்?”

“வேலி வளரவே மாட்டேங்குது. யாரோ வெள்ளனவே வந்து கிள்ளிப் போட்டுடறானுங்க. மேல உள்ளவங்க என்னைத்தான் ஏசறாங்க.”

“ஒம்போது மணிக்கு நான் வேலையில இருப்பேன். எங்க அக்காவை யார் கூட்டிட்டு வருவா?”

“ஆர்டர்லா. நான் என்ன செய்யறது?”

அவரோடு வாதாட எனக்குத் தெம்பில்லை. அக்காவிடமும் சொல்லவில்லை.

மறுநாள் செடியைக் கிள்ளும் ஆளைப் பிடிக்க மண்டோர் எங்களுக்கு முன்பே வந்து மணிக்கம்பத்தருகே நின்றிருந்தார். நான் பெஞ்சைத் துடைத்தேன். மூவரும் உட்கார்ந்து, ரிங்லெட்டில் நடந்த ஒரு கல்யாணத்தில் ரசம் எவ்வளவு மோசம் என்று பேசத் தொடங்கினார்கள். மண்டோர் மெதுவாக நடந்து வந்தார். அவர் பார்வை போன இடத்தை நானும் பார்த்தேன்.

ஆறு கைகளும் வேலியில் இருந்தன. தளிரை ஒடிப்பதும், கை நிறைந்ததும் தோளுக்குப் பின்னால் வீசுவதுமாக இருந்தன. முதுகில் கூடை இல்லை. பெஞ்சுக்குப் பின்னால் புல்லில் கொழுந்து கிடந்தது. அக்காவின் கைகள் அப்படி அசைவதை நான் சிறு வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். அதனால்தானோ என்னவோ, இத்தனை நாள் பக்கத்தில் நின்றும் என் கண்ணில் படவில்லை.

“அம்மா! நீங்கதானா?” என்றார் மண்டோர்.

“என்ன தம்பி நாங்கதானா?” என்று திரும்பிய அக்காவின் விரலிடுக்கில் ஒரு தளிர் இருந்தது.

கூட்டாளிகளில் ஒருவர் முந்திக்கொண்டார். “வாங்க தொரை. பேர் எடுக்க வந்தீங்களா? மூணு பேரும் வந்துட்டோம், எழுதிக்குங்க.”

“கொழுந்த நிறுத்துட்டுப் போங்க தொரை. நேத்து எடுத்ததும் அங்கதான் கெடக்கு,” என்றார் மற்றவர்.

“சிரிக்காதீங்கம்மா. எனக்கு வேலை போயிடும்.”

அக்கா மட்டும் சிரிக்கவில்லை. தளிரைக் கீழே போட்டு, கையைச் சேலையில் துடைத்தார். “தெரிஞ்சா செய்வேன் தம்பி? கை அதுபாட்டுக்குப் போவுது.”

கிள்ளுவது நின்றால் காலையில் திறப்பீர்களா என்று மண்டோரைக் கேட்டேன். வேலி வளர்ந்துவிட்டால் யாரும் கேட்கமாட்டார்கள் என்றார். “அந்தப் பக்கத்துப் பெஞ்சுல உக்காரலாமில்ல?”

“அது வேற கங்காணி ஆளுங்க எடம்,” என்றார் அக்கா.

அந்தக் கங்காணியின் ஆட்களில் ஒருவர்கூட இப்போது இங்கே இல்லை. சொல்லிப் பார்த்தேன். மூவரும் அசையவில்லை.

கைகளைச் சால்வைக்குள் வைத்துக்கொள்வதாக ஒப்புக்கொண்டார்கள். பேச்சு சூடு பிடிக்கும்வரை கைகள் உள்ளே இருக்கும். பிறகு வெளியே வந்துவிடும். நான் அக்காவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு நின்றேன். மற்ற நான்கு கைகளை யார் பிடிப்பது? அந்த வாரம் முழுக்க மூவரையும் அதட்டி அதட்டி, அலுவலகம் போய்ச் சேரும்போதே எனக்கு அசதியாக இருக்கும்.

கடைசியில் மண்டோர்தான் லோரியிலிருந்து ஒரு பெரிய முருங்கைக் கொத்தை இழுத்துவந்து அவர்கள் மடியில் போட்டார். மலைக் குளிரில் முருங்கை வளராது. தாப்பாவில் அவர் வீட்டில் மரம் இருக்கிறதாம்.

“இத உருவுங்க. அத விட்டுடுங்க.”

“தொரை புது வேலை குடுத்துட்டாரு. சம்பளம் எவ்வளவு?” என்றார் முந்திக்கொண்டு பேசும் கூட்டாளி.

கைகள் கீரைக்குப் போய்விட்டன. இப்போது வேலி இடுப்பைத் தாண்டிவிட்டது. ஒழுங்கில்லாமல் மேலே போகும் குச்சிகளைப் பார்த்து, “காடாப் போவுது,” என்று அக்கா முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். பூங்காக் கதவு பழையபடி விடியும்போதே திறக்கிறது.

உருவிய கீரையை மூன்று பங்காக்குகிறார்கள். அப்படியும் எங்கள் இருவருக்கு அது மிக அதிகம். முந்தாநாள் பொரியல், நேற்று பருப்புக் கூட்டு. இன்று வேலை முடிந்து வந்து, குளிக்கக்கூட இல்லாமல், முட்டை போட்டுக் கிளறினேன்.

அக்கா தட்டைப் பார்த்தார். “இன்னைக்கும் இதானா?”

என் தட்டிலும் அதையே போட்டுக்கொண்டேன். நாளைக் காலையில் மண்டோர் இன்னொரு கொத்துக் கொண்டுவருவார். பெஞ்சைத் துடைத்துவிட்டு அதை வாங்கிக்கொள்வேன்.