டிரையர் பெனிஸ் வீட்டு வெப்பநிலை

குன்னூருக்கு வந்து பெனிஸ் வீடு எது என்று கேட்டால், எந்த பெனிஸ் என்பார்கள். டிரையர் பெனிஸ் என்று சொல்லிப் பாருங்கள், வாசல் வரை கூட்டிவந்து விட்டுவிட்டுப் போவார்கள். எஸ்டேட் ஃபேக்டரியில் டிரையர் முன்னால் நின்றே தலை நரைத்த மனிதர் அவர். வாட்டி, அரைத்து, புளிக்க வைத்த தேயிலையை அனல் காற்றில் உலர்த்தும் ராட்சதப் பெட்டிதான் டிரையர். வெளியே மூடுபனியில் எதிரில் நிற்கும் ஆள் தெரியாது. பெனிஸ் உள்ளே பனியனோடு வேர்த்துக் கொட்டிக்கொண்டிருப்பார். மற்ற டிபார்ட்மெண்ட் ஆட்கள் ஏதாவது சாக்குச் சொல்லிக்கொண்டு வந்து, அவர் பக்கத்தில் நின்று உள்ளங்கையைச் சூட்டில் காட்டிவிட்டுப் போவார்கள். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு. போகிறவர்கள் கதவைத் திறந்து போட்டுவிட்டுப் போனால் மட்டும் அந்தச் சாதுவுக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்துவிடும். மேனேஜரே வந்தாலும் முதல் வார்த்தை "கதவச் சாத்துங்க" என்பதுதான். வணக்கமெல்லாம் அப்புறம்.

மலையில் பிறந்து மலையிலேயே வளர்ந்த அவருக்கு, குன்னூர் குளிரும் என்ற விஷயமே ரிட்டையரான பிறகுதான் தெரியவந்தது. ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டர், குல்லா, கம்பளி என்று ஒவ்வொன்றாக ஏறியும் நடுக்கம் நிற்கவில்லை. முழங்கால்கள் இரண்டும் கூட்டு சேர்ந்துகொண்டு வேலைநிறுத்தம் செய்தன.

அவர் மனைவி எல்சாவின் கதை இதற்கு நேர் எதிர். போர்டிங் ஸ்கூல் ஒன்றின் சமையலறையில் அண்டாக்களுக்கு நடுவே வெந்தவள் அவள். புருஷனுக்கு அனல் பழக்கமாகிப் போனது. பெண்டாட்டிக்கு அனல் போதும் போதும் என்று ஆகிவிட்டது. வீட்டில் அவள் கால் வைத்ததும் முதல் வேலை ஜன்னலைத் திறப்பது. அவர் எழுந்து சாத்துவார். அவள் எழுந்து திறப்பாள். அந்த ஜன்னலின் கீல் தேய்ந்ததுதான் மிச்சம்.

கோயமுத்தூரில் இருக்கும் மகள் ஸ்டெபிக்கு அப்பாவின் முழங்கால்தான் கவலை. இன்னொரு குளிர்காலத்தை அந்தக் கால் தாங்காது என்று டாக்டர் சொன்னதிலிருந்து தினமும் ஃபோன்.

"அப்பா, மழை பிடிக்கறதுக்குள்ள இங்க வந்துருங்க. அம்மா வந்தா வரட்டும், வராட்டி இருக்கட்டும்."

"அந்த வெயில்ல நான் ரெண்டு நாள் இருந்தா கருவாடாயிருவேன்," என்றாள் எல்சா, ஃபோனுக்கும் கேட்கும்படி. பிறகு பெனிஸ் பக்கம் திரும்பி, "ஏனுங்க, உங்களுக்குப் போகோணும்னா நீங்க போங்க. என்னைப் பத்தி யோசிக்காதீங்க," என்றாள்.

யோசிக்காமல் எப்படி இருப்பது? கல்யாணமான நாளிலிருந்து அவளை விட்டு இருந்து பழக்கமில்லை. சண்டை போடவாவது அவள் வேண்டும். கீழே போனால் கால் பிழைக்கும், மனுஷன் பிழைப்பானா என்பது பெனிஸுக்குச் சந்தேகமாகவே இருந்தது.

அப்போதுதான் ராஜசேகர் வந்து சேர்ந்தான். பங்களாக்களுக்கும் ரிசார்ட்டுகளுக்கும் ஹீட்டிங் மாட்டிக்கொடுக்கும் பையன். வீட்டுக்குப் பின்னால் ஒரு சின்ன பாய்லர், அதிலிருந்து அறைக்கு அறை சுடுதண்ணீர்க் குழாய், சுவரோரம் ரேடியேட்டர். முக்கியமான சங்கதி என்னவென்றால், ஒவ்வோர் அறைக்கும் தனி வால்வு, தனி தெர்மோஸ்டாட். இந்த அறைக்கு இவ்வளவு சூடு, அந்த அறைக்குச் சூடே வேண்டாம் என்று பிரித்து வைத்துக்கொள்ளலாம்.

"ஸோன் ஸோனா பிரிக்கறதுங்க அங்கிள். அவங்கவங்களுக்கு எவ்வளவு வேணுமோ அவ்வளவு."

பெனிஸுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "இது நம்ம ஃபேக்டரியேதானுங்களே தம்பி. இலை வாட்டற மாடி ஒரு மாதிரி, புளிக்க வெக்கற ரூம் ஒரு மாதிரி, டிரையர் ஒரு மாதிரி. எல்லாத்துக்கும் கதவு இருக்கும்."

"அப்ப நான் எந்த டிபார்ட்மெண்டுங்க?" என்று கேட்டாள் எல்சா.

ஆளுக்கு ஓர் அறை, அவள் அறைக்கு ரேடியேட்டர் வேண்டாம், வெளிக்காற்றை உள்ளே இழுத்துவிடும் விசிறி ஒன்று போதும் என்று முடிவாயிற்று. குன்னூரில் குளிர் வரவழைக்க மெஷின் வைத்த வீடு இதுவாகத்தான் இருக்கும் என்று ராஜசேகர் சிரித்தான். எல்சா சிரிக்கவில்லை. விசிறியைப் போட்டுப் பார்த்து, "நல்லாருக்குது," என்றாள்.

நிஜமாகவே நன்றாகத்தான் இருந்தது. பெனிஸ் அறை இளஞ்சூட்டில் கதகதத்தது. ஸ்வெட்டர்கள் ஆணிக்குப் போயின. முழங்கால்கள் வேலைக்குத் திரும்பின. ஸ்டெபி ஃபோனில் கோயமுத்தூர்ப் பேச்சையே எடுப்பதில்லை. மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. பழைய டிரையர்க்காரர் மறுபடி டியூட்டியில் ஏறிவிட்டார். கதவுக்குக் கீழே சந்து தெரிகிறதா என்று பார்த்துத் துணியைச் சுருட்டி வைத்தார். எல்சா காபி கொண்டுவந்து கொடுத்தால், வாங்கும்போதே "கதவச் சாத்திட்டுப் போ புள்ள," என்றார். ஹாலில் யாரும் உட்காராதபோது அங்கே சூடு எதற்கு என்று அந்த வால்வை இறுக்கி மூடினார். சூடு வீணாகக்கூடாது. அது அவர் ரத்தத்தில் ஊறிய சட்டம்.

ஹால் குளிர்ந்து கிடந்ததால் சாப்பாடு அவருடைய அறைக்குப் போயிற்று. எல்சா தன் தட்டை எடுத்துக்கொண்டு தன் அறைக்குப் போனாள். சாயங்கால ஜெபத்துக்குத்தான் கொஞ்ச நாள் இழுபறியாக இருந்தது. இத்தனை வருஷமும் ஹாலில் அவர் வேதம் வாசிப்பார், அவள் பாட்டு ஆரம்பிப்பாள். இப்போது ஹாலுக்கு வந்தால் அவருக்குக் கால் பிடித்துக்கொள்கிறது, அவர் அறைக்குப் போனால் அவளுக்கு மூச்சு முட்டுகிறது. அதனால் சுவருக்கு இந்தப் பக்கம் ஒரு ஜெபம், அந்தப் பக்கம் ஒரு ஜெபம். அவர் பாதி அதிகாரம் தாண்டுவதற்குள் அவள் ஆமென் சொல்லி முடித்திருப்பாள். முதலில் இரண்டு பேருக்கும் சிரிப்பாகத்தான் இருந்தது. பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது.

மழை விட்டு, உறைபனிக்காலம் தொடங்கும் முன்னால், ராஜசேகர் சர்வீஸுக்கு வந்தான். வால்வுகளைத் திருகிப் பார்த்துவிட்டு, நனைந்த ஷூவோடு ஹாலில் நின்று செல்போனில் எதையோ தட்டினான். பெனிஸ் அறை வாசலில் நின்றார். எல்சா அவள் அறை வாசலில் நின்றாள்.

"டைமர் செட் பண்ணிரலாமுங்க அங்கிள். சாயந்தரம் ஆனா ஆள் இருக்கற ரூம் மட்டும் தானா சூடாயிரும். ரெண்டு பேரும் சேர்ந்து உக்கார்ற ரூம் எதுங்க?"

சாதாரணக் கேள்வி. எல்லா வீட்டிலும் கேட்கிற கேள்விதான். பெனிஸ் ஹாலைப் பார்த்தார். சோபா மேல் காய்ந்த துணி மடிக்காமல் கிடந்தது. வேதப் புத்தகம் வைக்கும் முக்காலியில் பாய்லர் ரசீதுகள் இருந்தன. அதற்குள் எல்சா சொல்லிவிட்டாள்.

"அப்படி ஒரு ரூம் எங்க ஊட்டுல இல்லீங்க தம்பி."

கோபமாகச் சொல்லியிருந்தால் அவர் பதிலுக்குக் கத்தியிருப்பார். மளிகைக் கடையில் சர்க்கரை இல்லை என்பதுபோல அவள் சொன்னாள். அவளை விட்டுப் போகக்கூடாது என்றுதானே இத்தனை குழாயும் இழுத்தோம்? பஸ் ஏறாமலே கோயமுத்தூர் போய்ச் சேர்ந்துவிட்டோமே என்று நினைத்தபோது அவருக்கு அவமானமாக இருந்தது, துக்கமாகவும் இருந்தது.

பிறகு அறையிலிருந்து தன் நாற்காலியை இழுத்துக்கொண்டு ஹாலுக்கு வந்தார். பிடிக்க வந்த ராஜசேகரை விலக்கிவிட்டு ரேடியேட்டரை ஒட்டிப் போட்டார். அப்புறம் எல்சாவின் நாற்காலியைக் கொண்டுவந்து எதிர்ச் சுவரில் ஜன்னலடியில் போட்டார்.

"தம்பி, டிரையருக்குள்ளயே மேல் தட்டுல ஒரு சூடு, கீழ்த் தட்டுல ஒரு சூடு. நடுவுல செவுரு கெடையாது. நான் இங்க உக்காந்துக்கறேன், அவ அங்க உக்காந்துக்கட்டும். இந்த ரூமுக்கே டைமர் போடுங்க."

"ஜன்னலத் தொறந்தா ஆன்ட்டிக்குச் சரிங்க அங்கிள். ஆனா சூடு பூரா வெளிய போயிருமே. மொத்தமும் வேஸ்ட்டுங்க."

எல்சா புருஷனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தப் பேச்சுக்கு அவர் என்ன சொல்வார் என்பது ஃபேக்டரியில் பாதிப் பேருக்குத் தெரியும்.

பெனிஸ் ஜன்னலருகே போய்க் கொண்டியை எடுத்தார். ஈரக்காற்று முகத்தில் அடித்தது. முழங்கால் சுரீரென்றது. இரண்டு கதவையும் அகலத் திறந்து வைத்தார்.

"போயிட்டுப் போகுதுங்க," என்றார்.

எல்சா, வேதம் வைக்கும் முக்காலியிலிருந்த ரசீதுகளைத் திரட்டி ராஜசேகர் கையில் கொடுத்துவிட்டு, முக்காலியைத் தன் முந்தானையால் துடைத்தாள்.