காந்தா கேட்ட நிலம்

காந்தாவிடம் ஒரு கேள்வி கேட்டுப் பதில் வாங்குவது லேசான காரியமில்லை. காலையில் இட்லியா தோசையா என்றால் "எதுனா ஒண்ணு" என்பாள். துணிக்கடைக்குப் போனால் கடைக்காரர் அலமாரியில் பாதியை இறக்கிப் பிரித்துப் போட்டு, கடைசியில் அலுத்துப்போய் அவள் மகள் வெண்ணிலாவைப் பார்த்து "நீயாவது சொல்லும்மா" என்பார். அந்த வெண்ணிலாவுக்கு மாப்பிள்ளை பார்த்தபோதுகூட, "அவரு பாத்து சொன்னா சரிதான்" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போனவள்தான். புதிதாகப் பார்க்கிறவர்கள் பயந்த சுபாவம் என்று நினைத்துக்கொள்வார்கள். பயமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. கல்யாணமாகி வந்த புதிதில் ஒரே ஒரு தடவை, இது வேண்டும் என்று வாய் திறந்து கேட்டாள். கேட்டது கிடைத்தது. அந்த நிலத்துக்குத் தண்ணீர் பாய்ச்சியே அவளுக்கு இருபது வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது.

நிலம் படவேட்டுக்குக் கிழக்கே, ஆற்றங்கரையில் இருக்கிறது. மலையிலிருந்து இறங்கி வருகிற ஆறு, வருஷத்தில் முக்கால்வாசி நாள் வெறும் மணலாய்க் கிடக்கும். அங்கிருந்து நிமிர்ந்து பார்த்தால் நிலம் இரண்டு படியாக ஏறுவது தெரியும். ஆற்றை ஒட்டிக் கீழ்ப்படி. அதற்கு மேலே ஆள் உயரத்தில் மேட்டுப்படி. ஒரு காலத்தில் ஆறு அந்த மேட்டின் மேலேயே ஓடி, அங்கே மண்ணைப் பரப்பிவிட்டு, பிறகு தன்னையே அறுத்துக்கொண்டு கீழே இறங்கியது. ஆகவே மேட்டில் இருப்பது பழைய மண், ஊறி இறுகிய மண். கீழே இருப்பது அண்மைக்காலத்து வெள்ளங்கள் கொண்டுவந்து கொட்டியது.

இப்படிப்பட்ட நிலத்துக்குப் பாகம் பிரித்தால் அந்தப் பக்கத்தில் நீளவாக்கில்தான் பிரிப்பார்கள். ஆற்றில் ஆரம்பித்து மேடு முடிகிற வரைக்கும், புடவையை நீளத்தில் கிழித்த மாதிரி. அப்போதுதான் ஆளுக்குக் கொஞ்சம் மணல், ஆளுக்குக் கொஞ்சம் களி என்று வரும், யாருக்கும் வயிற்றெரிச்சல் இருக்காது. காந்தாவின் புருஷன் தீர்த்தகிரிக்கும் அவர் அண்ணன் வடிவேலுவுக்கும் பாகம் பிரிந்தபோது மட்டும் அந்த வழக்கம் மாறியது. நீளத்தில் பிரித்தால் டிராக்டர் திரும்பக்கூட இடமிருக்காது என்று வடிவேலு குறுக்கே பிரித்தார். மேடு ஒரு பாகம், ஆற்றோரம் ஒரு பாகம். மூத்தவர் பிரித்தால் இளையவர் முதலில் எடுக்க வேண்டும், அதையும் முறையாகச் செய்தார். அவர் மனதில் கள்ளம் எதுவும் இல்லை என்று ஊரில் இன்றைக்கும் சொல்கிறார்கள். இல்லாமலே இருக்கட்டும்.

ஊர்ப் பெரியவர்கள் நாலு பேர் வந்து வரப்பில் நின்றார்கள். தீர்த்தகிரி சட்டென்று திரும்பி, பின்னால் நின்ற காந்தாவிடம், "நீ இன்னா சொல்ற?" என்று கேட்டார். காந்தா பிறந்தது சந்தவாசலுக்கு அப்பால், ஏரிப் பாசனத்து ஊரில். அங்கெல்லாம் மேலே கறுப்பாக இருந்தால் கிணற்றடி வரைக்கும் கறுப்புதான். மேல்மண் பொய் சொல்லும் என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை. குனிந்து ஆற்றோரத்தில் ஒரு பிடி அள்ளினாள். முந்தின வருஷத்து வெள்ளம் வடியும்போது விட்டுப்போன வண்டல், அரைத்த மாவு போல விரலில் ஒட்டியது. மேட்டு நிலமோ சிவந்து, சரளையும் கோரையுமாகக் கிடந்தது. "ஆத்தோரமே எடுத்துக்கலாங்க" என்றாள். தீர்த்தகிரி அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அண்ணனிடம் அப்படியே சொன்னார்.

முதல் வருஷம் கேழ்வரகு இடுப்பளவு வந்தது. காந்தாவுக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்த வருஷம் ஏர் ஓட்டினபோது சாலில் வெள்ளையாக மணல் வந்தது. வண்டல் இருந்தது ஒரு முழம்தான், அதற்கும் கீழே மணலுக்கு முடிவே இல்லை. அதற்கப்புறம் அந்த நிலம் அவளைப் பாடாய்ப் படுத்தியது. மோட்டார் போட்டால் தண்ணீர் கடைமடைக்குப் போய்ச் சேராது, பாதி வழியிலேயே உள்ளே இறங்கிவிடும். இன்றைக்குப் பாய்ச்சினால் மறுநாள் உச்சிவெயிலுக்கே மல்லாட்டைச் செடி, வேர்க்கடலைதான், இலையை மடக்கிக்கொள்ளும். யூரியா போட்டால் அடுத்த மழையில் அதுவும் தண்ணீரோடு போய்விடும். எவ்வளவு பெய்தாலும் அந்த நிலத்தில் ஒரு குட்டை தேங்கி அவள் பார்த்ததில்லை. காய் மணலில் நன்றாகத்தான் இறங்கும், பிடுங்குவதும் சுலபம், ஆனால் பத்து நாள் மழை தள்ளிப்போனால் பிடுங்குவதற்கு ஒன்றும் இருக்காது. மேட்டில் வடிவேலுவின் கரும்பு மட்டும் கவலையில்லாமல் நின்றது. அவருடைய சிவப்பு மண்ணுக்கு அடியில் இரண்டு முழத்தில் களி இருந்தது, விட்ட தண்ணீரை அது விடாமல் பிடித்து வைத்துக்கொண்டது.

காந்தா சும்மா இருந்துவிடவில்லை. சித்திரையில் ஏரி வற்றும்போதெல்லாம் பிறந்த ஊரிலிருந்து டிராக்டரில் ஏரி மண் அடித்தாள். கரையில் கொட்டியதைக் கூடையில் வாரி, தலையில் சுமந்து, வயல் முழுக்க நிரவினாள். அதன் மேல் ஆட்டுக் கிடை, எரு, மல்லாட்டைத் தோல். ஐப்பசி மழை ஓய்ந்ததும் போய்ப் பார்த்தால் கறுப்பு வெளுத்திருக்கும். மண்ணைத் தின்கிற மண்ணை அவள் அங்கேதான் பார்த்தாள். மறுபடியும் சித்திரை, மறுபடியும் கூடை. கழுத்தெலும்பு தேய்ந்துவிட்டது என்று ஆரணி டாக்டர் சொன்னார், தைலம் கொடுத்தார். தைலம் போய்ச் சேருகிற இடத்தில் அலுப்பு இல்லை. காலையில் எழுந்திருக்கும்போதே அது அவளுக்கு முன்னால் எழுந்து உட்கார்ந்திருந்தது.

இத்தனைக்கும் தீர்த்தகிரி ஒருநாள்கூட "நீ கேட்டதுதானே" என்று சொன்னதில்லை. சொல்லியிருந்தால் பதிலுக்கு இரண்டு வார்த்தை கேட்டு, ஒரு மூச்சு அழுது, அதோடு தொலைத்திருப்பாள். அவர் வாயை மூடிக்கொண்டு மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு போனது அவளுக்குத் தாங்கவில்லை. இனிமேல் இந்த வாயால் எதையும் கேட்பதில்லை என்று அவள் முடிவு செய்தது அப்போதுதான். போகப்போக வீட்டிலும் அவளை யாரும் எதுவும் கேட்பதில்லை என்றாகிவிட்டது.

இந்தத் தை மாதம் வடிவேலுவின் மகன் அருள்மணி வீட்டுக்கு வந்தான். வடிவேலு போய்ச் சேர்ந்துவிட்டார், மேட்டு நிலம் இப்போது அவன் பேரில். கோயில் கடைத்தெருவில் பூஜைச் சாமான் கடை வைத்திருக்கிறான், கரும்பு பக்கமே போவதில்லை. ஆற்றோரமாக இப்போது தார் ரோடு போட்டிருக்கிறார்கள் அல்லவா, அதைப் பார்த்துவிட்டு வந்திருந்தான்.

"சித்தப்பா, ஆடிக்குக் கோயிலுக்கு வர்ற ஜனம் தங்க எடமில்லாம அலையுது. ஆத்தப் பாத்தாப்ல நாலு ரூம் கட்டலாம்னு கீறேன். உங்க நெலத்த எனக்குக் குடுங்க, எங்க மேட்ட நீங்க எடுத்துக்கங்க. ஏக்கருக்கு ஏக்கர். சரிக்குச் சரி."

தீர்த்தகிரி முழங்காலைத் தேய்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். அவருக்கு முட்டி போய் ஒரு வருஷமாகிறது, வரப்பு ஏறவே வலிக்கிறது. "எனக்கு ஒண்ணும் ஓடல" என்றவர், காந்தா பக்கம் திரும்பினார். "நீ இன்னா சொல்ற?"

அதே கேள்வி. ஆசைப்பட்ட காலத்தில் கிடைக்காத களி நிலம், உடம்பில் தெம்பு வற்றிய பிறகு வாசலில் வந்து நிற்கிறது. வாங்கினால் மிச்சக் காலத்துக்காவது ஒரு போகம் நெல்லைக் கண்ணால் பார்க்கலாம். அதிலும் ஏமாந்தால்? இரண்டாவது தடவையும் அவள் வாயாலேயே கெட்டது என்றாகிவிட்டால், அதைச் சுமக்கிற சக்தி அவளிடம் இல்லை. அருள்மணி காப்பியைக் குடித்துவிட்டுக் கிளம்பினான். வாசல் தாண்டினவனைக் கூப்பிட்டுத்தான் சொன்னாள்.

"ரெண்டு நெலத்துலயும் பள்ளம் தோண்டிப் பாக்கணும் அருளு. பாத்துட்டுதான் சொல்லுவேன்."

"மண்ணப் பாக்கறதுக்கு எதுக்கு சித்தி பள்ளம்? மேலயே தெரியுதே."

"மேல பாத்துதான் ஒருவாட்டி ஏமாந்தேன்."

மறுநாள் மேட்டில் முதலில் தோண்டினார்கள். சிவப்பு மண் இறுகிப்போயிருந்தது, கடப்பாரை போடாமல் அசையவில்லை. இரண்டு முழம் போனதும் மண்வெட்டி சளக்கென்று இறங்கியது. பழுப்பும் சாம்பலுமாக, நடுவில் துரு நிறத்தில் கோடு ஓடிய களி. மழை பெய்து மாதக்கணக்காகியும் ஈரம் காயவில்லை. காந்தா ஒரு கட்டியை எடுத்து உருட்டினாள், பிள்ளையார் பிடிக்கிற பதத்தில் இருந்தது. வெகு நேரம் அதைக் கையிலேயே வைத்திருந்தாள். கடையிலிருந்து போன் வர, அருள்மணி ரோட்டுப் பக்கம் போனான்.

கீழ் நிலத்தில் தோண்டச் சிரமமே இல்லை. தீர்த்தகிரி முட்டியைப் பிடித்துக்கொண்டு இறங்கி, மளமளவென்று வாரி வெளியே போட்டார். இடுப்பு ஆழம் வந்ததும் பள்ளத்தின் சுவரைக் கையால் தடவிச் சரிசெய்தார். காந்தா மேலே குந்தியபடி பார்த்தாள். மேலே ஒரு முழத்துக்குச் சாம்பல் நிறத்தில் மண், நடுநடுவே ஏரி நத்தையின் ஓட்டுத் துண்டுகள். அதற்குக் கீழே வெள்ளை மணல், ஒரு வெள்ளத்துக்கு ஒரு படுகையாக, பருமணல் கீழும் பொடி மேலுமாக அடுக்கி, கூழாங்கல் வரைக்கும் போனது. ஆனால் சாம்பல் மண்ணும் வெள்ளை மணலும் சேருகிற இடத்தில் இரண்டு விரல் கனத்தில் ஒரு கறுப்புக் கோடு ஓடியது. அதன் கீழே நூல் மாதிரி இன்னும் இரண்டு கோடு.

அவள் கையை நீட்டி அந்தக் கறுப்பைச் சுரண்டி விரலில் தேய்த்தாள். ஒட்டியது. எந்த ஏரியின் நிறம் என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. தலையில் சுமந்து கொட்டியதெல்லாம் ஆற்றோடு போய்விட்டது என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தாள். தண்ணீரோடு இறங்கின களி, போகிற வழியில் இங்கே தங்கியிருக்கிறது. இருபது வருஷச் சுமை, இரண்டு விரல் கனம்.

"மத்ததெல்லாம் மணலுதான்" என்றார் தீர்த்தகிரி பள்ளத்துக்குள்ளிருந்து, மூச்சு வாங்கிக்கொண்டே. "சின்ன வயசுல மாடு மேய்க்க வந்தா இங்கதான் ஊத்து தோண்டித் தண்ணி குடிப்போம். எங்க தோண்டினாலும் இதே மணலு."

காந்தா விரலைத் தேய்ப்பதை நிறுத்தினாள்.

"அப்ப பாகம் பிரிச்ச அன்னிக்கே உங்களுக்குத் தெரியும்."

தீர்த்தகிரிக்குத் தான் என்ன சொல்லிவிட்டோம் என்பது அப்போதுதான் உறைத்தது. மண்வெட்டிக் காம்பைப் பார்த்தார். "தெரியும்" என்றார்.

"தெரிஞ்சிக்கினே ஏன் எடுத்தீங்க?"

"நீ நம்ம வூட்டுக்கு வந்து கொஞ்ச நாள்தான் ஆயிருந்தது. அதுவரைக்கும் இது வேணும், அது வேணும்னு எதுவும் கேட்டதில்ல. அத்தினி பேரு முன்னால மொதோ வாட்டி கேட்ட. மாட்டேன்னு சொல்ல மனசு வரல."

"அப்பால சொல்லியிருக்கலாம் இல்ல?"

"சொன்னா கஷ்டப்படுவன்னுதான்..."

"இப்ப மட்டும் இன்னா சந்தோஷமாவா இருந்தேன்?"

காந்தாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. தின்ற இட்லி, கட்டிய புடவை, மகளுக்கு வந்த மாப்பிள்ளை, ஒன்றிலாவது வாய் திறந்தாளா? தன்னால் கெட்டது என்று தனக்குத்தானே போட்டுக்கொண்ட பூட்டு. சாவி இந்த மனுஷன் மடியிலேயே இருந்திருக்கிறது. எழுந்து நின்று நன்றாகக் கேட்க வேண்டும் போல இருந்தது. ஆனால் கோபத்துக்கும் கொஞ்சம் தெம்பு வேண்டியிருக்கிறது. அப்படியே குந்தியிருந்தாள். கேட்டதும் கொடுத்தாரே என்று உள்ளே எங்கோ ஒரு சந்தோஷமும் எட்டிப் பார்த்தது. அன்றைக்கு அதை அவள் உள்ளே விடுவதாக இல்லை.

அருள்மணி போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு திரும்பி வந்தான். "இன்னா சித்தப்பா, முடிவு இன்னா?"

தீர்த்தகிரி வாய் திறக்குமுன் காந்தா சொன்னாள். "மேடு எனக்கு வேணும் அருளு. மாத்திக்கலாம். ஆனா இங்க அந்தக் கறுப்புக் கோடு வரைக்கும் கீற மண்ணு என்னுது. அத வாரிக்கினுதான் போவேன்."

"தாராளமா வாரிக்கோ சித்தி. எனக்குக் கடக்கால் எடுக்கற வேல மிச்சம்."

அவன் வண்டியை எடுத்துக்கொண்டு போகிற வரைக்கும் பொறுத்திருந்துவிட்டு, தீர்த்தகிரி கேட்டார். "அங்கதான் நல்ல களி கீதே. இதையும் எதுக்கு அங்க சொமக்கணும்?"

"மேட்டு மண்ணு கட்டிப்பூடுது. இதக் கலந்தா பொலபொலன்னு ஆவும். அதுவுமில்லாம, இது நான் போட்டது."

"சரி. யாரு சொமக்கறது?"

"நீங்கதான்."

தீர்த்தகிரி பள்ளத்திலிருந்து தலையை மட்டும் உயர்த்திப் பார்த்தார். அவள் முகத்தில் விளையாட்டு எதுவும் இல்லை. முட்டி வலியைப் பற்றி ஏதோ சொல்ல வந்து, வேண்டாம் என்று விட்டுவிட்டார். கரையில் கையை ஊன்றி மெதுவாக ஏறி, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுப் பக்கம் நடந்தார். பாதி வரப்பில் நின்று, பழக்கதோஷத்தில், பதிலை எதிர்பார்க்காமலே கேட்டார்.

"எந்தக் கூடைய எடுத்தாறட்டும்? சின்னதா, பெருசா?"

"பெருசு" என்றாள் காந்தா.